கேம் சர்வருக்கு வாடகை கட்டுவதற்கு முன்...

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தால் முதல் மாதம் குடும்பமே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இரண்டாவது மாதம் அது பிள்ளைகளின் கைக்குப் போய்விடும். மூன்றாவது மாதம் பையன் மெதுவாக வந்து, "அப்பா, நாங்க எல்லாரும் சேர்ந்து விளையாட ஒரு சர்வர் வேணும். மாசம் கொஞ்சம் ரூபாய்தான்" என்பான். அந்த மூன்றாவது மாதத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் வீடு புதுச்சேரி கதிர்காமத்தில், இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் சாப்ட்வேர் இன்ஜினியர். அலுவலகத்தில் தினமும் சர்வர்களோடுதான் வேலை. ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் கேம் சர்வர் வாங்கியபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று பயம்.

அவர்கள் மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் கதிர்காமம், இந்திரா நகர், தட்டாஞ்சாவடி பக்கம். ஏழாவது ஆள் ஒரு பையனின் பெரியப்பா மகன்; பாரீஸில் இருக்கிறான். பொங்கலுக்குக் கிடைத்த பணத்தில் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு, 2,100 ரூபாய்க்கு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் ஒரு வருடத் திட்டம் வாங்கினார்கள். விளையாட்டு மைன்கிராப்ட். எட்டு மாதமாக நம் கடற்கரைச் சாலையை அப்படியே கட்டினார்கள்: காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், கரையோரக் கருங்கற்கள் எல்லாம். ஒன்பதாவது மாதம் ஒரு நாள் சர்வர் கிடைக்கவில்லை. இமெயில் அனுப்பினார்கள், பதில் இல்லை. இரண்டு வாரத்தில் அந்த நிறுவனத்தின் வெப்சைட்டே காணாமல் போனது.

அப்போதுதான் என்னிடம் வந்தான். "பணம் போனா போகட்டும் மாமா. காந்தி சிலையையாவது ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாம்" என்றான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பிள்ளைகள் ஐந்து முதல் பத்து பேர் விளையாடுவதற்குப் பெரிய திட்டமோ வருடத் திட்டமோ தேவையே இல்லை. சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும். பணம் மாதா மாதம் கட்டுவதாக இருக்க வேண்டும். கட்டியதையெல்லாம் நினைத்த நேரத்தில் நம் வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்து வர வழி இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

சர்வர் என்பது என்ன?

நான் பள்ளியில் படித்தபோது பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுவோம். அங்கே யாராவது ஒருவர் தன் கம்ப்யூட்டரில் ஆட்டத்தைத் தொடங்குவார். மற்றவர்கள் அதில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டார், யார் விழுந்தார் என்று கணக்கு வைத்திருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அதுதான் சர்வர். அந்த அறைக்குப் பதிலாக இன்று இண்டர்நெட். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பதிலாக வேறு ஊரில் வாடகைக்கு எடுத்த ஒரு கம்ப்யூட்டர். அந்த வாடகைக்குப் பெயர்தான் ஹோஸ்டிங்.

எல்லா விளையாட்டுக்கும் இப்படி நாமே சர்வர் வைத்துவிட முடியாது. மைன்கிராப்ட், டெர்ரேரியா, வால்ஹெய்ம், ரஸ்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றுக்குச் சர்வர் சாப்ட்வேர் தனியாகக் கிடைக்கிறது. வேலரண்ட், பி.ஜி.எம்.ஐ. போன்றவை அந்தந்த நிறுவனத்தின் சர்வரில் மட்டுமே ஓடும். அவற்றுக்குச் "சர்வர் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மைன்கிராப்டில் இன்னொரு குழப்பம் உண்டு. ஜாவா பதிப்பு கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். பெட்ராக் பதிப்பு மொபைல், டேப்லெட், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஒரு பதிப்பில் இருப்பவர் மற்றதன் சர்வருக்குள் நேராக நுழைய முடியாது. நண்பர்களில் பாதிப் பேர் மொபைலில் விளையாடுகிறார்கள் என்றால் அதைப் பணம் கட்டும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே

வாடகைக்கு எடுப்பதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரிலேயே சர்வர் வைத்துப் பாருங்கள். மைன்கிராப்ட் வெப்சைட்டிலேயே சர்வர் சாப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே வீட்டில், ஒரே வைபையில் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். விளையாட்டுக்குள்ளேயே "ஓபன் டு லேன்" என்ற பட்டன் இருக்கிறது.

வெளியில் இருப்பவர்கள் சேர வேண்டுமானால் ரவுட்டரில் போர்ட் திறந்துவிட வேண்டும் என்று படித்திருப்பீர்கள். ஜாவா பதிப்புக்கு அந்த எண் 25565. ஆனால் நம் ஊர் பிராட்பேண்ட் பலவற்றில் எத்தனை முறை திறந்தாலும் யாரும் உள்ளே வர முடியாது. காரணம் இதுதான்: ஐ.பி. முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால் இண்டர்நெட் நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைத் தருகிறது. ஒரு தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் உங்கள் வெளி ஐ.பி. முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்கினால் நீங்களும் அந்தத் தெருவில்தான் இருக்கிறீர்கள். நிறுவனத்திடம் கேட்டுக் கூடுதல் கட்டணத்தில் தனி முகவரி வாங்கலாம். அல்லது டெயில்ஸ்கேல் போன்ற சாப்ட்வேரை எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் நிறுவினால், எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே அறையில் இருப்பது போல இணைந்துகொள்ளும். சொந்த உபயோகத்துக்கு அது இலவசம்.

வீட்டுச் சர்வரில் குறை இல்லாமல் இல்லை. கரண்ட் போனால் சர்வரும் போகும். உங்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் மற்றவர்கள் விளையாட முடியாது. இரவு பகலாக ஓட விட்டால், 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் நாளுக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட் கணக்குக் காட்டும். ஆனாலும் இந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு ஒரு உண்மை தெரிந்துவிடும்: எத்தனை பேர் நிஜமாகவே வருகிறார்கள், எத்தனை மணி நேரம் ஆடுகிறார்கள் என்பது. "நாங்க இருபது பேர்" என்று தொடங்கும் கூட்டம் பெரும்பாலும் ஆறு பேரில் வந்து நிற்கும். அந்த ஆறு பேருக்கான திட்டத்தை வாங்கினால் போதும்.

தூரம்தான் முதல் கேள்வி

விளம்பரங்களில் ரேம், எஸ்.எஸ்.டி., ஸ்லாட் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

நீங்கள் ஒரு கீயை அழுத்தியதும் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தைப் பிங் என்கிறோம். பைபர் கேபிளுக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. அதாவது 1,000 கிலோமீட்டர் போய் வரக் குறைந்தது 10 மில்லி விநாடி. புதுச்சேரியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறக்குறைய அந்தத் தூரம்தான். சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். குறைந்தது 29 மில்லி விநாடி. பாரீஸ் சுமார் 8,000 கிலோமீட்டர்; குறைந்தது 80. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, கடலைச் சுற்றித்தான் போகும். வழியில் ரவுட்டர்களும் உண்டு. எனவே நிஜத்தில் இந்த எண்கள் எல்லாம் இன்னும் கூடும். எந்த நிறுவனமும் எவ்வளவு பணம் வாங்கினாலும் இதற்குக் கீழே குறைத்துத் தர முடியாது.

தூரமான சர்வரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் செங்கடலில் கடலடி கேபிள்கள் அறுந்தன. இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான போக்குவரத்தில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் போகிறது. அறுந்தால் வேறு வழியில் சுற்றிப் போக வேண்டும்; பிங் ஏறிவிடும்.

முன்பு நமக்குச் சிங்கப்பூரை விட்டால் பெரிதாக வழியில்லை. இப்போது அப்படி இல்லை. மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் டேட்டா சென்டர்களைத் திறந்தது. அமேசான் 2016-ல் மும்பைக்கும் 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்தது. டிஜிட்டல் ஓஷன் 2016-ல் பெங்களூருக்கு வந்தது. கேம் ஹோஸ்டிங் நிறுவனங்களிலும் மும்பை, பெங்களூர் என்று இடம் தேர்ந்தெடுக்க வசதி தருபவை இருக்கின்றன. இந்தியாவில் இடம் இருக்கும்போது வேறு கண்டத்தில் ஏன் வாங்க வேண்டும்?

வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். நல்ல நிறுவனம் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சோதனை ஐ.பி. முகவரி தரும். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பிங் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த முகவரியைக் கொடுத்து எண்டர் தட்டுங்கள். எத்தனை மில்லி விநாடி என்று காட்டும். இரவு 9 மணிக்கு, எல்லோரும் இண்டர்நெட்டில் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். நிறுவனத்தின் வெப்சைட் முகவரிக்குப் பிங் கொடுத்து ஏமாறாதீர்கள். வெப்சைட் ஓர் ஊரிலும் கேம் சர்வர் வேறு ஊரிலும் இருக்கலாம்.

பாரீஸ் தம்பி எங்கே விளையாடுவான்?

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவு உண்டு. என் அக்கா மகனின் குழுவில் அந்தப் பாரீஸ் பையனுக்காகத்தான் பிரான்சில் சர்வர் வாங்கினார்களாம். "அவன் தூரத்துல தனியா இருக்கான், அவனுக்கு லேக் அடிக்கக்கூடாது மாமா" என்றான். நல்ல மனசுதான். ஆனால் ஒருவனுக்காக ஆறு பேர் எட்டு மாதம் தடுமாறினார்கள்.

பெரும்பான்மை எங்கே இருக்கிறதோ அங்கே சர்வர் இருக்கட்டும் என்பது என் கருத்து. மைன்கிராப்டில் வீடு கட்டுவதற்கு 150 மில்லி விநாடி தாமதம் பெரிய தொல்லை இல்லை. சண்டை போடுவதற்குத்தான் தொல்லை. பாரீஸ் தம்பியைக் கட்டட வேலைக்குப் போடுங்கள். அவனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி நேரத்தை ஒத்துக்கொள்வதுதான். இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. அவன் பள்ளி விட்டு வர வேண்டாமா?

ரேமும் பரோட்டா மாஸ்டரும்

அடுத்தது ரேம். "16 ஜி.பி., 100 ஸ்லாட்" என்று பார்த்ததும் ஆசை வரும். ஸ்லாட் என்றால் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்ற எண்; ஆறு பேருக்கு நூறு நாற்காலி எதற்கு?

மைன்கிராப்ட் சர்வர் தன் உலகத்தை விநாடிக்கு 20 முறை புதுப்பிக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் 50 மில்லி விநாடிதான் அவகாசம். அதற்குள் வேலை முடியாவிட்டால் எல்லோருக்கும் ஆட்டம் இழுக்கும். இந்த வேலையில் பெரும்பகுதியை பிராசசரின் ஒரே ஒரு கோர்தான் செய்கிறது. ஒரு கடையில் ஒரே பரோட்டா மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜைகளைக் கூட்டினால் நிறையப் பேர் உட்காரலாம். பரோட்டா சீக்கிரம் வராது. ரேம் என்பது மேஜை. மாஸ்டரின் கை வேகம்தான் பிராசசரின் கோர் வேகம். எனவே "எத்தனை கோர்?" என்று கேட்பதோடு நிற்காமல், "எந்த பிராசசர், எத்தனை கிகாஹெர்ட்ஸ்?" என்று கேளுங்கள். மாடல் பெயரைச் சொல்லத் தயங்கும் நிறுவனம் பழைய பிராசசரை வைத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மாட் எதுவும் போடாத ஆட்டத்தில் பத்துப் பேர் வரை 4 ஜி.பி. ரேம் போதும். நிறைய மாட் சேர்த்தால் 6 அல்லது 8 ஜி.பி. அதற்கு மேல் கேட்டால் முதலில் செட்டிங்கைப் பாருங்கள். வியூ டிஸ்டன்ஸ் என்ற எண் இயல்பாக 10 என்று இருக்கும். அதை 7 ஆக்கினாலே சர்வரின் சுமை நன்றாகக் குறையும். இதற்குப் பைசா செலவில்லை.

வருடச் சந்தா என்ற ஆசை

"வருடத்துக்குக் கட்டினால் பாதி விலை" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் நிஜமாக விளையாடுவது கோடை விடுமுறையிலும், காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும்தான். அதாவது வருடத்தில் மூன்று, நான்கு மாதம். பன்னிரண்டு மாதத்துக்குப் பாதி விலை என்றால் ஆறு மாதப் பணம். நான்கு மாதத்துக்கு முழு விலை கட்டுவது அதைவிடக் குறைவு. நிறுவனம் மூடினாலும் உங்களுக்குப் போவது ஒரு மாதப் பணம் மட்டுமே.

"அப்படியானால் விடுமுறை முடிந்ததும் உலகம் அழிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் காப்பி எடுத்து வர வழி வேண்டும் என்றேன்.

பணம் கட்டும்போது விலையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும், டாலரில் கட்டினால் வங்கி எடுக்கும் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டிலிருந்து தானாகக் கழியும் சந்தாக்களுக்கு முன்பதிவும் கூடுதல் சரிபார்ப்பும் தேவை. வெளிநாட்டு நிறுவனத்தின் சந்தா இதனால் கழியாமல் நின்றுபோவது உண்டு. பணம் வராவிட்டால் சில நாளில் சர்வரை அழித்துவிடுவார்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

காப்பி உங்கள் வீட்டில் இருக்கட்டும்

சின்ன நிறுவனத்தில் வாங்கியதால்தான் அந்தப் பையன்களுக்கு அப்படி ஆனது என்று நினைக்காதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் அது ஒன்று. ரஸ்ட் விளையாட்டைத் தயாரித்த பேஸ்பஞ்ச் நிறுவனத்தின் 25 சர்வர்கள் அதில் அழிந்தன. அவற்றில் இருந்த தகவல்களைத் திரும்பப் பெற முடியவில்லை. விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கே அந்தக் கதி!

அதனால் "எங்களிடம் தினமும் பேக்கப் உண்டு" என்ற வரியோடு திருப்தி அடையாதீர்கள். அந்தப் பேக்கப் அதே கட்டடத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். சர்வரின் பைல்களை நேரடியாகப் பார்க்கவும் டவுன்லோட் செய்யவும் திட்டத்தில் வசதி இருக்க வேண்டும். எஸ்.எப்.டி.பி. என்று எழுதியிருப்பார்கள். மைன்கிராப்டின் உலகம் முழுவதும் வேர்ல்ட் என்ற பெயரில் தொடங்கும் போல்டர்களில்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை சர்வரை நிறுத்திவிட்டு அவற்றை இறக்குங்கள். ஒரு காப்பி கம்ப்யூட்டரில், ஒரு காப்பி பென் டிரைவில். பள்ளி திறந்ததும் சந்தாவை நிறுத்திவிட்டு, அடுத்த விடுமுறையில் வேறு நிறுவனத்தில் சேர்ந்தாலும் அதே போல்டர்களை ஏற்றி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மாதம் ஒரு முறை அந்தக் காப்பியை வீட்டுச் சர்வரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பியைக் காப்பி என்று நம்ப முடியாது.

கதவைச் சாத்தி வையுங்கள்

2016 செப்டம்பரில் மிராய் என்ற நச்சு புரோகிராம், பாஸ்வேர்ட் மாற்றாமல் விட்ட ஆயிரக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து, ஓ.வி.எச்.சில் இருந்த மைன்கிராப்ட் சர்வர்களைத் தாக்கியது. அதை எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சாப்ட்வேர் பகுதியில் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தபோது, மைன்கிராப்டின் சாட்டில் ஒரு வரி எழுதியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. விளையாட்டுச் சர்வர்தானே என்று அலட்சியம் வேண்டாம். டி.டி.ஓ.எஸ். பாதுகாப்பு திட்டத்திலேயே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாப்ட்வேரைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். ஒயிட் லிஸ்ட் என்ற வசதியை ஆன் செய்து, நண்பர்களின் பெயரை மட்டும் சேருங்கள். வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

இதெல்லாம் தலைசுற்றுகிறது என்பவர்களுக்கு மைன்கிராப்ட் நிறுவனமே ரெல்ம்ஸ் என்ற மாதச் சந்தாவைத் தருகிறது. ஜாவா பதிப்பில் உங்களைத் தவிர 10 நண்பர்கள் ஒரே நேரத்தில் விளையாடலாம். உலகத்தை டவுன்லோட் செய்யவும் முடியும். பிராசசர், செட்டிங் எல்லாம் உங்கள் கையில் இருக்காது. ஆனால் முதல் முறை வாங்கும் பெற்றோருக்கு அது மோசமான தேர்வு இல்லை.

என் அக்கா மகனின் குழு இப்போது என் பழைய கம்ப்யூட்டரில் மறுபடி தொடங்கியிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு மும்பையில் ஒரு மாதம் மட்டும் வாடகைக்கு எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். "விளையாட்டுக்குப் போய் இவ்வளவா?" என்று அக்கா கேட்டாள். எட்டு மாதம் ஏழு பிள்ளைகள் உட்கார்ந்து ஒரு கடற்கரையைக் கட்டியதை விளையாட்டு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காந்தி சிலையை இன்னும் கட்டி முடிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பென் டிரைவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

உங்கள் பையனோ பெண்ணோ சர்வர் கேட்டால் உடனே மறுக்காதீர்கள். உடனே கார்டையும் கொடுக்காதீர்கள். "எந்த ஊரில் இருக்கிறது, மாதா மாதம் கட்டலாமா, காப்பி எடுக்கலாமா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் அவர்களே பதில் தேடிக்கொண்டு வந்தால், சர்வரை நடத்தவும் அவர்களால் முடியும்.